மூன்றேகால் மணி

எட்டுப் பத்துக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டேன்,
ஒரு காலில் மட்டும் காலுறை போட்ட பையன்.
மஞ்சள் பேருந்தைக் கொட்டகையில் விட்டு
என் காரில் ஏறி
இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில்
வலப்பக்கம் திரும்பினேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தெற்கு யூட்டாவில், இதே ஊரில், நாற்பத்தாறு வருடம்.
கயிறும் தலைக்கவசமுமாக வரும் வெளியூர்க்காரர்கள்
பெட்ரோல் பங்கில் என்னிடம்தான் வழி கேட்பார்கள்.
கை நீட்டிக் காட்டுவேன்.
காட்டிய திசையில் ஒருநாளும் போனதில்லை.

கைப்பையில் ஓர் ஆப்பிள்,
பாதிக் குடுவை காப்பி.
(எங்கள் சபையில் காப்பி கூடாது.
நான் குடிப்பது யாருக்கும் தெரியாது.
எங்கே போகிறேன் என்பதும்தான்.)

முதலில் அது வெறும் வெடிப்பு,
ஒரு மாடு தாண்டிவிடும் அகலம்.
இறங்க இறங்கச் சுவர் வளர்ந்தது.
தோள் இடித்தது. பக்கவாட்டில் நடந்தேன்,
ஆராதனை தொடங்கியபின் வந்தவள்
வரிசைக்குள் நுழைவதுபோல
கல்லின் முழங்கால்களை உரசிக்கொண்டு.

மேலே எங்கோ பட்ட வெயில்
சுவரிலிருந்து சுவருக்குக் கைமாறிக்
கீழே வந்து சேரும்போது
நிறம் மட்டும் மிச்சமிருந்தது.
பறங்கிக்காயின் உட்புறம்.

அண்ணாந்தேன்.
முப்பது அடி உயரத்தில் குறுக்காக ஒரு மரம்,
வேரோடு. கிளையில் முள்வேலிக் கம்பி.
யாரும் ஏறி வைத்ததல்ல.
தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.
அதன்பின் அந்த விரலகல வானத்தை
நீலம்தானா, நீலம்தானா என்று
கேட்டுக்கொண்டே நடந்தேன்.

இரண்டு இடங்களில் குதித்தேன்.
குதிக்கும்போதே தெரிந்தது, திரும்ப ஏற முடியாது.
தெரிவதற்கும் கால் தரையைத் தொடுவதற்கும்
அதிக நேரமில்லை.

மூன்றாவது ஒரு குழி. சறுக்கி விழுந்தேன்.
நெஞ்சளவு கறுப்புத் தண்ணீர்,
மே மாதத்திலும் மூச்சை அறுக்கும் குளிர்.
எதிர் விளிம்பு என் விரல்நுனிக்கு மேல் ஒன்றரை முழம்.
நகம் பதிய ஒரு கீறல் இல்லை.
ஓரத்தில் ஓர் எலி மிதந்தது.
அதுவும் சுற்றிச் சுற்றி நீந்தியிருக்கும்.

கத்தினேன். ஒவ்வொரு வளைவிலும் தடுமாறி
குரல் என்னிடமே வந்து நின்றது.

கைக்கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது.
மூன்றேகாலுக்குப் பள்ளி வாசலில்
முப்பத்தொரு பிள்ளைகள் நிற்பார்கள்.

கைப்பையைக் கொட்டினேன். ஆப்பிள் மிதந்தது.
குடுவை மூழ்கியது. சாவியைப் பல்லில் கடித்து
முங்கி முங்கி அடிமணலை அள்ளிப்
பையை நிரப்பினேன். அதன் வாரில்
ஜீன்ஸ் சட்டையின் கையை முடிந்து
விளிம்புக்கு அப்பால் வீசினேன்.
திரும்பி வந்து தலையில் விழுந்தது.
வீசினேன்.
வீசினேன்.
சாவி விழுந்தாலும் விழட்டுமென்று
சபையில் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னேன்,
அது மட்டும் தெளிவாக எதிரொலித்தது.
எட்டோ ஒன்பதோ, ஒருமுறை
அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்து
வராமல் நின்றது.
இழுத்தேன். கொஞ்சம் நகர்ந்தது. பிறகு நகரவில்லை.
என் எடை அதற்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்
ஏறினேன்.

வெளியேறிய இடத்திலிருந்து கார் ஒன்பது மைல்.
மாடு ஏற்றும் டிரக்கில் லமார் குவிஸ்ட் வந்தான்.
என்னைப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான்.
"பேருந்து பழுதா, தோரா?"
"ஆமாம்."
இருக்கையில் தீவனச் சாக்கை விரித்தான்.
பல் கிட்டுவது கேட்டிருக்க வேண்டும்;
கொஞ்ச தூரம் போனதும், சாலையைப் பார்த்தபடியே,
காலடியிலிருந்து ஒரு குடுவையை எடுத்து நீட்டினான்.
மூடியைத் திறந்தேன். காப்பி.
ஒரே மூடியில் மாறி மாறிக் குடித்தோம்.
ஊர்ப் பலகை தெரிந்ததும்
கோணியால் சுற்றி மறுபடி ஒளித்தான்.

மணி ஐந்தே முக்கால்.
பிள்ளைகளைத் தலைமையாசிரியை தன் வேனில்
ஐந்து நடையாகக் கொண்டுபோய் விட்டிருந்தாள்.

மறுநாள் காலை ஒற்றைக் காலுறைக்காரன் படியேறினான்.
"நேத்து எங்க போனீங்க?"
ஸ்டீயரிங் பிடித்த விரல்களில், நகக்கண்ணில்,
சிவப்பு மணல் இன்னும் இருந்தது.
"உட்கார்" என்றேன்.
கதவை மூடினேன்.