எந்தப் பனிக்கு

அட்டன் டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்,
இர்ஷாத் நானா ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து
என் முழங்காலில் சாத்தினார்.
"இது பனிக்கு நல்லம், தங்கச்சி."

எந்தப் பனி என்று கேட்டேன்.
தை மாதம் கொழுந்தைக் கருக்கிற பனியா,
பகல் ரெண்டு மணிக்கே லைட் போட வைக்கிற பனியா,
சும்மா நின்றாலே சேலைத் தலைப்பை நனைக்கிற பனியா?

குனிந்து டயரின் கன்னத்தைத் துடைத்துக் காட்டினார்.
மூன்று சிகரம் வைத்த ஒரு மலை,
அதற்குள் ஆறு கால் பூச்சி மாதிரி ஒரு பனிப்பூ.
"இது கொட்டுற பனி. கனடாவில."
எங்கள் மலைக்கு ஒரு சிகரம்தான்.
வைகாசியில் மறைந்தால் அதுவும் ஆவணிக்குப் பிறகுதான்.

வீட்டுக்காரர் வரவில்லையா என்று முதலிலேயே கேட்டிருந்தார்.
கெப் என் பெயரில், லீசிங்கும் என் பெயரில் என்றேன்.
பிறகு டயரைப் பற்றி மட்டும் கதைத்தார்.

எந்த ரோட்டில் ஓடுகிறேன்?
நாலு கட்டை தார்.
பெக்டரி வரைக்கும் கொங்கிரீட்.
அதற்கு மேலே கல் அடுக்கின பாதை,
மழை தின்றது போக மீதி.
லீக்ஸ் ஏற்றுவேன், கோவா ஏற்றுவேன், சோதனைக்குப் போகும் பிள்ளைகளை ஏற்றுவேன்.
போன கார்த்திகையில் வீரமலை மாமாவை.

அவரைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.
ஆனால் அவரால்தான் இந்தக் கடைக்கு வந்தேன்.
ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியோடு ஏறும்போது
ஒன்பதாம் முடக்கில்
பின் சக்கரம் ரெண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின.
வரிப்பள்ளம் எல்லாம் சேறு அடைத்து
டயர் வெறும் உருளையாகிவிட்டது.
கெப் ஒரு முழம் பின்னுக்கு வந்தது. இன்னொரு முழம்.
மருமகன்மார் குதித்துக் கல் வைத்தார்கள்.
கடைசி மருமகன் மட்டும் உள்ளே,
சரிகிற பெட்டிக்குத் தோள் கொடுத்துக்கொண்டு
"கொஞ்சம் பொறுங்க மாமா" என்றான்.
மூன்றாம் நாள்தான் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

நானா என் பழைய டயரில்
ஒரு ரெண்டு ரூபாய்க் குத்தியை நிற்க வைத்துப் பார்த்தார்.
நிற்கவில்லை, படுத்துக்கொண்டது.

பெரிய பெரிய கட்டை வைத்த ஒன்று இருந்தது,
சேற்றுக்கென்றே செய்தது.
"தாரில குளவிக்கூடு மாதிரி இரையும்.
மழைத் தாரில பிரேக் அடிச்சா உங்களை மறந்திடும்."
மினுமினு என்று இன்னொன்று, பாதி விலை.
கன்னத்தில் இருந்த நாலு இலக்கத்தை நானே வாசித்தேன்:
பிறந்து ஏழு வருசம்.
பொலிஷ் போட்ட கிழடு.

திரும்பவும் அந்தப் பனிப்பூவுக்கே வந்தேன்.
கட்டைகளுக்குள் பிளேடால் கீறினது போல மெல்லிய வெட்டுகள்.
விரல் நகத்தை விட்டால் நகம் நின்றது.
சேற்றை வாயில் வைத்திருக்காது, துப்பிவிடும் என்றார்.
ஒன்று நாற்பத்தாறாயிரம்.
நாலால் நான் பெருக்கவே இல்லை.

"ரெண்டு."
"அப்ப முன்னுக்கா, பின்னுக்கா?"

இறங்கும்போது திருப்ப முன்னுக்கு வேண்டும்.
ஏறும்போது தள்ளப் பின்னுக்கு வேண்டும்.
தேத்தண்ணீர் ஆறும் வரைக்கும் யோசித்தேன்.
இறங்கும்போது எல்லாருக்கும் பயம் இருக்கும், மெதுவாகப் போவோம்.
ஏறும்போதுதான் வீட்டு வாசல் தெரிந்துவிடும்,
கால் தானாக அமுக்கும்.
பின்னுக்கு என்றேன்.

பெக்டரி தாண்டுமுன்னே பனிப்பூவைச் சேறு மூடிவிட்டது.
ஒன்பதாம் முடக்கில் கியரை இறக்கி
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
ஒரு தடவை உதறியது. பிறகு கல்லைக் கவ்விக்கொண்டு ஏறியது.
முன் சக்கரம்தான் கொஞ்சம் பள்ளத்துப் பக்கம் பார்த்தது.

மேட்டு லயத்துப் பிள்ளைகள் ஓடி வந்து
புது டயரில் முளைத்திருந்த ரப்பர் முடிகளைப்
பிய்க்கத் தொடங்கினார்கள்.
ஓடின பக்கம் முடி இல்லை, ரோடு தின்றுவிட்டது.
கன்னத்தில்தான் மிச்சம்.
பிய்க்க விட்டேன்.
மற்ற ரெண்டும் எப்போது என்று ஒருத்தி கேட்டாள்.
கரட் விலையைப் பொறுத்து என்றேன்.