கழுத்துக்கு மேலே

நீதிமன்ற எழுத்தர் என் பெயரில் மூன்று முறை தடுக்கி விழுந்தார்.
ஹ்ராயர், ஐயா. ஹ்ராயர் தெர்ஸாகியான்.
கலிஃபோர்னியா, க்ளென்டேல்.
பல் மருத்துவருக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவே
பன்னிரண்டடிக் கடை.
கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் படம்,
செத்தவர்களின் கிழிந்த படங்களை ஒட்டித் தருவது.
விவாகரத்துக்குப் பிறகு
மாப்பிள்ளையை நீக்கித் தருவதும் உண்டு.

அந்த வேலை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
இரண்டு படங்கள்.
ஒன்றில், நீச்சல் குளத்தோரம் ஸ்லோன் வெய்ஸ்லர்,
பதினேழு வயது, எதையோ மென்றுகொண்டு.
மற்றதில் யாரோ ஒருத்தி, பந்தயப் படகில்.

"தலையை மட்டும் மாற்றவும்" என்று எழுதியிருந்தார்
கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
கேட்காததற்கும் சேர்த்துத்தான் அந்தத் தொண்ணூறு டாலர் என்று
இப்போது தோன்றுகிறது.

குளத்து வெயில் இடப்பக்கம், ஆற்று வெயில் வலப்பக்கம்.
ஸ்லோனைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டேன்.
கன்னத்து மச்சம் இடம் மாறியது.
பெற்றவர்கள் கவனிக்கவில்லை.

கழுத்தில்தான் வேலை.
அது துடுப்பை இழுக்கும் கழுத்து,
நரம்புகள் முறுக்கிய கயிறு.
இது பகல் தூக்கத்திலிருந்து எழுந்த முகம்.
ஒட்டிப் பார்த்தால்
பாரமெல்லாம் கழுத்தோடு நின்றுவிடுகிறது,
அதற்கு மேலே விடுமுறை.

வியர்வை வரைந்தேன். நெற்றியில் ஏழு சொட்டு.
எட்டாவது மிகையாகத் தெரிந்தது, அழித்தேன்.

மறுநாள் பதில்:
"அருமை. கைகள்தான் முரடாக இருக்கின்றன என்கிறார் அம்மா.
கொஞ்சம் மென்மையாக்க முடியுமா?"

பெரிதாக்கிப் பார்த்தேன்.
கட்டைவிரலில் வெள்ளை ஒட்டுத்துணி, ஓரம் கறுத்திருந்தது.
சுட்டுவிரல் பக்கவாட்டில்
கொப்புளம் உடைந்து, ஆறி,
ஆறியதன் மேலேயே இன்னொன்று.
எத்தனை விடியற்காலை அது?
எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது, எடுக்க.

அந்தத் தொண்ணூறில் எண்பத்தைந்தை
என் மகன் வாஹேக்கு விண்ணப்பக் கட்டணமாகக் கட்டினேன்.
அதே பல்கலைக்கழகம்.
குற்றப்பத்திரிகையில் பார்த்த பிறகே அது தெரியும்.
மிச்ச ஐந்துக்குப் பக்கத்துக் கடையில் கீரை வைத்த போரெக் வாங்கி
நின்றபடியே தின்றோம், அவனும் நானும்.
மார்ச் மாதம் கடிதம் வந்தது,
இந்த ஆண்டு தகுதி வாய்ந்தவர்கள் ஏராளம் என்று.

அரசு வழக்கறிஞர் படத்தைச் சுவரளவுக்குக் காட்டினார்.
என் தையல் தெரியவில்லை.
வெட்கம் வருமுன் ஒரு கணம்
பெருமை வந்ததை மறைக்க மாட்டேன்.
இது யார் முகம் என்றார். சொன்னேன்.
பயிற்சியாளருக்கு எவ்வளவு, ஆலோசகருக்கு எவ்வளவு,
அறக்கட்டளை ரசீதில் எவ்வளவு,
எல்லாம் கூட்டிப் பார்த்தார்கள்.
வெய்ஸ்லர் அழுதார்.
"மகளுக்காக எந்தத் தகப்பன் செய்யமாட்டான்?"
பின்வரிசையில் யாரோ தலையாட்டினார்கள்.
நானும் ஆட்டியிருக்கலாம்.

கழுத்துக்குக் கீழே இருப்பவள் யார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
பதிலோடுதான் போயிருந்தேன்:
தெரியாது, ஐயா. படகு முனையில் எண் பதினான்கு.

கணினியை அதிகாரிகள் எடுத்துப் போய்விட்டார்கள்.
வெட்டியெடுத்த அவள் தலை மட்டும்
ஒரு பென்டிரைவில் தங்கிவிட்டது.
பின்னணி கிடையாது,
சாம்பலும் வெள்ளையுமாய்க் கட்டங்கள்.
கண்ணை இடுக்கி, பல்லைக் கடித்து,
நெற்றியில் முடி ஒட்டிக்கிடக்க,
என் சொட்டுகள் தேவைப்படாத முகம்.

அவளுக்குக் கைகளையாவது
திருப்பித் தரலாமென்று சில இரவு உட்கார்ந்தேன்.
விரல் வருகிறது, நகம் வருகிறது,
ஒட்டுத்துணிகூட வருகிறது.
கொப்புளம் மட்டும்
எப்படிப் போட்டாலும் வழவழப்பாகவே விழுகிறது.