ஒன்றுக்கு முப்பத்தைந்து

மெர்சா மத்ரூஹில் மாலை ஏழுக்கு மேல்
யாருக்கும் பல் வலிப்பதில்லை.
கதவுப் பலகையை 'மூடியிருக்கிறது' பக்கம் திருப்பிவிட்டு
டாங்கியை எடுப்பேன்.

அலெக்சாந்திரியாவில் வாங்கிய பெட்டி.
இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்
பிளாஸ்டிக் கொடியில் காய்த்துத் தொங்கின.
வெட்டுவாயைத் தேய்க்கக்
கடைவாய்ப் பல்லுக்கான அரம்.
சங்கிலிப் பட்டையின் கண்ணிகளைக் கோக்க
வேர்ச் சிகிச்சை ஊசி.
குண்டு பட்ட ஓட்டையை
டிரில்லால் இரண்டே நொடியில் போட்டேன்.
சொத்தையைக் குடைவதைவிடச் சுலபம்,
இது என் கையைப் பிடிக்காது.

முதல் பூச்சு சாம்பல்.
எங்கோ ஊசியிலைக் காட்டில் ஒளிய அடித்த நிறம்.
கப்பலில் வந்து இறங்கியபின்
அவசரமாய் அதன்மேல் மணலைப் பூசியிருக்கிறார்கள்.
நானும் அதே வரிசையில்:
சாம்பல்,
காய்ந்ததும் ஹனானின் ஹேர் ஸ்பிரே,
மேலே மஞ்சள்.
பிறகு தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால்
மூடியின் விளிம்பு, ஏறும் படி,
பூட்ஸ் உரசியிருக்கக்கூடிய இடமெல்லாம் தேய்த்தால்
மஞ்சள் பொருக்காய் உரியும்,
பழைய காடு எட்டிப் பார்க்கும்.

குப்பியில் 'பாலை மஞ்சள்' என்று எழுதியிருக்கிறது.
எந்தப் பாலை?
என் ஜன்னலைத் திறந்தால்
விடிகாலையில் ஈயம், பத்து மணிக்கு எலும்பு,
கம்சின் காற்றடிக்கும் நாளில் தேநீர் வடிகட்டிய துணி.
மஞ்சளாய் ஒருநாளும் பார்த்ததில்லை.
கடுகளவு வெள்ளை, இன்னொரு கடுகளவு,
ஒரு சொட்டுப் பழுப்பு.
பல்லுக்கு நிறம் பொருத்தும் அட்டையை
டாங்கியோடு வைத்துப் பார்த்தேன்.
ஏ-மூன்றரைக்கும் பி-மூன்றுக்கும் நடுவில் நின்றது:
நாற்பது வருடம் புகைத்தவரின் கோரைப்பல்.

வியாழக்கிழமை மிஃப்தாஹ் வந்தார்.
கீழ்க்கடைவாய். ஊசி போட்டு
உதடு மரக்கக் காத்திருந்த பத்து நிமிடத்தில்
அலமாரியைப் பார்த்துவிட்டார்.
"இறக்கு அதை."
செயற்கைக் காலை நீட்டி உட்கார்ந்து
மடியில் வைத்துக்கொண்டார். மோந்தார்.
"மூடியைத் திறந்து வை.
நாங்கள் பார்த்ததெல்லாம் திறந்துதான் கிடந்தது.
உள்ளே ஓணான்."
சொற்கள் ஒருபக்கமாய்ச் சரிந்து வந்தன.
"செம்புக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை.
ஒன்பது வயது எனக்கு.
ஆடு மேய்க்க என்று சொல்லிவிட்டுத்தான் போவோம்."

சக்கரத்திலிருந்து
நான் பிளாஸ்டர் பரப்பிய பலகையின் ஓரம்வரை
கண்ணால் அளந்தார்.
"இதில் எங்கே புதைத்திருக்கிறாய்?"

நான் புதைக்கவில்லை.
மேலே தெரியாத எதையும் நான் செய்வதில்லை.
கணக்கு மட்டும் தானாக ஓடியது.
உள்ளங்கை அகலக் கண்ணிவெடி,
முப்பத்தைந்தால் வகுத்தால் கொத்தமல்லி விதை.
ஒன்பது வயதுப் பையன்,
என் சுண்டுவிரலில் இரண்டு கணு.

வாயைத் திறங்கள் என்றேன்.

பல் நன்றாக வந்தது, இரண்டு வேரும் முழுசாய்.
பஞ்சைக் கடித்தபடி எழுந்தவர்
பேண்ட் மடிப்பை உதறினார்.
தரையெல்லாம் மணல்.
நகாத் துடைப்பத்தோடு வந்தாள்.
இரு என்றேன்.

தூசுக்குப் பிளாஸ்டர் மாவுதான் சரி.
நிஜ மணல் இந்த அளவில் மணலாகாது,
ஒவ்வொரு பொடியும் கூழாங்கல்லாகிவிடும்.
தெரிந்தும்
அட்டையால் கூட்டி அள்ளிப்
பசை தடவிய பலகையில் தூவினேன்,
சங்கிலிப் பட்டைக்கு முன்னால்,
இன்னும் எதுவும் ஓடாத தடத்தில்.

மூடியைத் திறந்தபடி ஒட்டினேன்.
ஓணான்தான் வரவில்லை.
கம்பியை முறுக்கி இரண்டு தடவை செய்து பார்த்தேன்,
இரண்டும் முதலைக்குட்டி.

இரவு ஹனான் குப்பியைக் குலுக்கினாள்.
"போன வாரம் வாங்கியது, பாதிதான் இருக்கிறது?"
காற்று என்றேன்.
இந்த ஊரில்
எதையும் காற்றின்மேல் போடலாம்.