எண்பத்தாறு மீட்டர்

இரவு இரண்டு பத்துக்குச்
சோதனை ரயில் நின்றது.
நடைமேடைக்கு எண்பத்தாறு மீட்டர் முன்னால்,
லிங்கன்ஷயர் முட்டைக்கோஸ் வயலோரம்.

சிக்னல் கம்பங்களைப் போன மாதமே பிடுங்கியாயிற்று.
இனிச் சிவப்பும் பச்சையும்
ஓட்டுநர் முன்னிருக்கும் திரைக்குள்தான்.
ஃப்ரேயா ஸ்கெல்டன் ரேடியோவில் கேட்டாள்:
"திரை நில் என்கிறது.
எதிரே ஒன்றுமில்லை, ஒரு முயல் மட்டும்.
நான் யாரைக் கேட்க?"

நல்ல கேள்வி.
தண்டவாளம் ஒருவருடையது.
ரயில் ஒரு வங்கியுடையது,
வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர் வேறு.
திரை செய்தவர் ஒரு நாடு, அதற்குள் ஓடும் மென்பொருள் இன்னொரு நாடு.
சரக்கு வண்டிக்காரர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை,
வக்கீல் கடிதம் வரும்.
ஞாயிறுதோறும் கரி எஞ்சின் ஓட்டும்
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்களும் ஒரு தரப்பு:
கொதிகலனுக்குப் பக்கத்தில்
அந்தத் திரையை எங்கே மாட்டுவது என்று
இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள்.

எங்கள் பக்கம் எல்லாம் சரி
என்றார்கள் எல்லோரும்.
சரியாகத்தான் இருந்தது.
அதுதான் சிக்கல்.

யார்க்கில் பதினோராவது கூட்டம்.
அவரவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.
மதியத்துக்கு மேல்,
பிஸ்கட்டும் தீர்ந்தபின்,
ஒவ்வொன்றாக வெளியே வந்தது.
பிரேக் செய்தவர் ஈர இலைக்கு அஞ்சி
முப்பது மீட்டர் சேர்த்திருந்தார்.
பாதை அளந்தவர் தன் கருவியை நம்பாமல் பதினெட்டு.
ரேடியோக்காரர், தகவல் பிந்தினால் என்று, இருபத்தாறு.
மிச்சம் பன்னிரண்டு
யார் போட்டதென்று இன்றுவரை தெரியாது.

குறை சொல்ல முடியாத பயங்கள்.
ஒருவர் பயம் அடுத்தவர் அறியாமல்
எட்டு ஒப்பந்தங்களில் பத்திரமாய் உட்கார்ந்திருந்தன.
இத்தனை கூட்டம் கூட்டிய நாங்கள்
ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை.

பிரேக்காரர் பதினாறு விட்டுக்கொடுத்தார்,
சொத்து எழுதிக் கொடுப்பதுபோல்.
மீண்டும் அளந்ததில் பதினைந்து போனது.
ரேடியோ பன்னிரண்டு.
ஆளில்லாத அந்தப் பன்னிரண்டை
அழிக்கலாம் என்றார்கள்.
கையெழுத்துப் போட மட்டும்
மேசையைச் சுற்றி ஒருவருக்கும் பேனா இல்லை.

நான் போட்டேன்.
அன்றிலிருந்து மழை பெய்தால் விழித்துக்கொள்கிறேன்.

நேற்றைய சோதனையில்
முப்பத்தொரு மீட்டர் முன்னால் நின்றதாம்.
முயல் இன்னும் அங்கேதான் என்கிறாள் ஃப்ரேயா.
நாலு காலிலும் ஓடுகிறதாம்.
யாரையும் கேட்காமல்
நடைமேடை வரை போய்த் திரும்புகிறதாம்.