ஒரே பள்ளம்

கிசுமு நகரில், ஏரிக்கரையில்
ஒரு பனிக்கட்டி ஆலை வரவேண்டும்.
யாருக்கும் ஆட்சேபம் இல்லை.
ஆட்சேபம் இல்லாத காரியத்துக்குத்தான்
பதினெட்டு மாதம் பிடித்தது.

நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன்.
யார் வந்தார், யார் வரவில்லை,
தேநீர் எத்தனை கோப்பை:
என் வேலை அதுவரைதான்.

சாலைத்துறை சொன்னது:
குழாய் பதிக்காமல் தார் ஊற்ற மாட்டோம்.
குடிநீர்க் கழகம் சொன்னது:
மோட்டாருக்கு மின்சாரம் இல்லாமல் குழாய் எதற்கு?
மின்வாரியம் சொன்னது:
பத்திரம் இல்லாத நிலத்தில் கம்பம் நட முடியாது.
நில அலுவலகம் சொன்னது:
சாலையின் எல்லை தெரியாமல் பத்திரம் எப்படி?
வட்டம் அழகாக மூடிக்கொண்டது.
'அடுத்த கூட்டத்தில் பேசப்படும்' என்று எழுதி
அடிக்கோடு போட்டேன்.

அவீட்டி எப்போதும் கடைசி நாற்காலி.
அறுபத்திரண்டு பெண்களின் மீன் சங்கத்துக்குப் பொருளாளர்.
எதையும் கேட்க மாட்டாள்.
எழுந்து ஒரு கணக்கு வாசிப்பாள்:
போன மாதம் கெட்டுப்போன மீன், இத்தனை கிலோ.
உட்கார்ந்துவிடுவாள்.
மாதாமாதம் அதே வாக்கியம், எண் மட்டும் வேறு.
நானும் அதே வாக்கியத்தை எழுதினேன்,
எண்ணை மட்டும் மாற்றி.

ஏப்ரலில் ஒரு நாள்
கூட்டம் முடிந்த கையோடு மழை பிடித்தது.
ஏரியிலிருந்து எழுந்து வருகிற மழை,
எதிரில் நிற்கிற பேருந்தைக்கூட அழித்துவிடும்.
மின்சாரம் போனது.
எல்லோரும் மின்வாரிய வெகேசாவைப் பார்த்தார்கள்.
வெகேசா தன் காலணியைப் பார்த்தார்.

போக வழியில்லை. பேசவும் மிச்சமில்லை.
குடிநீர்க் கழகத்து ஒபோன்யோ
சும்மா இருக்க மாட்டாமல்
தன் குழாய் வரைபடத்தை எடுத்து
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார்.
வெளிச்சம் அங்கேதான் இருந்தது.
வெகேசா தன்னுடையதை அதன்மேல் வைத்தார்.
"கொஞ்சம் தள்ளுங்கள்" என்று
சாலைத்துறை செலகாட் மூன்றாவதை வைத்தாள்.
மூலைகள் பொருந்தின.
மூன்றும் ஒரே பழைய அளவைத் தாளின் நகல்கள்.
இது மூவருக்குமே புதுச் செய்தி.

நீலக் கோடு, சிவப்புக் கோடு, கறுப்புக் கோடு
பழைய தண்டவாளத்தின் ஓரமாக
நானூறு மீட்டர் கூடவே நடந்தன,
ஒரே தெருவில் குடியிருந்தும்
முகம் தெரியாதவர்கள் போல.

நில அலுவலர் ஓகுட்டு கிட்டே வந்து பார்த்தார்.
"அது ரயில்வே இடமாயிற்றே" என்றார்.
"ரயில்வேயை நாம் கூப்பிட்டோமா?"
என் நோட்டைப் புரட்டினேன்.
பதினெட்டு மாதத்தில்
அந்தப் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

ரயில்வேக்கு ஒரு கடிதம் போனது.
ஒரே தாள், நாலு கையெழுத்து.
முத்திரைக்கு இடம் போதாமல்
குடிநீர்க் கழகத்தின் வட்டம்
மின்வாரியத்தின் வட்டத்தின்மேல்
ஏறி உட்கார்ந்தது.

செப்டம்பரில் தோண்டினார்கள்.
அடியில் குழாய், அதன்மேல் மணல்,
கேபிள், மறுபடி மணல், மஞ்சள் நாடா, மண்,
கடைசியில் தார்.
கடைக்காரர்கள் இரண்டு வாரம்
வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்,
மூடிய பள்ளத்தை
யாரும் திரும்பத் தோண்டாததை.

ஆலை ஓடுகிறது.
வாரத்தில் இரண்டு நாள் படுத்தும்விடுகிறது.
தெருவிளக்கு யார் பொறுப்பு என்பதில்
மூன்று கூட்டம் போய்விட்டது.

நேற்று அவீட்டி எழுந்து கணக்கு வாசித்தாள்.
எண் சிறியது.
வாசித்த பிறகும் உட்காரவில்லை.
"விடியுமுன் மூன்று மணிக்கு
இருட்டில் பெட்டி தூக்குகிறோம்" என்றாள்.

யாரும் பதில் சொல்லவில்லை.
ரயில்வே முத்திசோவும் சேர்ந்து ஐந்து பேர்
தாள்களை எடுத்துக்கொண்டு
ஜன்னலுக்குப் போனார்கள்.
அறையில் மின்சாரம் இருந்தது,
நாலு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.

இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?
தேநீர், பதினொரு கோப்பை என்று எழுதிவிட்டு
நானும் எழுந்து போனேன்,
ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ள.