அடியில் பதினொரு நாள்

நரின் நகரில் அக்டோபரின் முதல் பனி.
மேலே, ஏரிக்கரைக் குடிலில், நம் இயந்திரம்
இனி ஏப்ரல் வரை தனியாள்.
பாதை மூடுமுன் ஒருமுறை
அந்த ஆறு பத்திக் கோப்பை வாசிக்கிறேன்:
எந்த வட்டு, எந்த வாசலில், எப்படி,
வராவிட்டால் காத்திருப்பதா, விட்டுவிட்டு எழுவதா.

போன நவம்பரில் நீ
ஒரு காற்புள்ளிக்குப் பின் இடம் விட்டாய், தாலான்ட்.
பள்ளிக்கூடத்தில் அதற்கு மதிப்பெண் தருவார்கள்.
இங்கே, 'வராவிட்டால் பரவாயில்லை' என்ற சொல்
பக்கத்துப் பத்திக்குள் நழுவி
பொருளற்றுப் போயிற்று.
மின்சாரம் போய் வந்த இரவில்
யாருமில்லாத அறையில்
கடவுச்சொல் கேட்டபடி நின்றுகொண்டே இருந்தது திரை.
ஒரு வெற்றிடத்தை அழிக்க
குதிரையில் மூன்று நாள் போனாய்.
மீசையில் பனிக்கட்டியோடு நீ அனுப்பிய படத்தை
அலுவலகச் சுவரிலிருந்து இன்னும் யாரும் எடுக்கவில்லை.

அதனால் இப்போதெல்லாம் எழுதியதும் சோதிக்கிறோம்,
வட்டின் அடையாள எண்ணை எழுத்தெழுத்தாக.
சோதனை சொல்கிறது:
பிழை இல்லை. எச்சரிக்கை இல்லை.

கையெழுத்துப் போட்டிருப்பேன்.
ஆனால் பதிவேட்டில் பிப்ரவரி ஒன்பதை அடுத்து
இருபத்தொன்று வருகிறது.
பதினொரு நாள் ஆறு ஓடவில்லையா?

அளவுமானியை நிறுத்தி
இங்கிருந்தே வட்டைக் கழற்றினேன்.
காலியாக இருக்க வேண்டிய கோப்பகத்தில்
பதினொரு கோப்புகள்.

குளிரில் வட்டு சுழல மறுத்திருக்கிறது.
நாம் சொல்லிக்கொடுத்தபடியே
'பரவாயில்லை' என்று எழுந்து
வெறுந்தரையில் எழுதியிருக்கிறது இயந்திரம்.
பிறகு வட்டு விழித்து அதே இடத்தில் வந்து அமர,
ஷிர்தாக் கம்பளம் விரித்த மாதிரி
எல்லாம் அடியில் போயிற்று.
ஒரு எழுத்துகூட அழியவில்லை.

பதினான்காம் தேதி, விடியலுக்கு முன்,
நீர்மட்டம் அறுபது சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது.
இரண்டு மணி நேரம் கழித்து இறங்கியிருக்கிறது.
பனிக்கட்டி எங்கோ ஆற்றை அடைத்து, உடைந்து, போயிருக்கிறது.
பாலத்துக்குக் கீழே நாற்பது வீடுகள்.
நம் திரையில் அன்று
ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.
உன் பிறந்தநாள் அது. கேக் வெட்டினோம்.

கோப்புகளை நகர்த்திவிட்டேன்.
இனி அந்த வெறுந்தரையில் யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டேன்.
வட்டு இல்லையென்றால் அளவுமானி கத்தட்டும்.
மறுபடி ஏற்றினேன், மறுபடி சோதித்தேன்,
அதே சுழியம், அதே சுழியம்.

கோப்பின் தலையில் ஒரு குறிப்பு வரி.
இயந்திரம் அதைத் தாண்டிப் போகும், நீ படிப்பாய்:

# ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி அடியில் பார்க்கவும். புருல்சா.