பின்னிணைப்பு ஆ

உங்கள் பாடவேளை ஒன்றைப் பதிவுசெய்து
சொல் விடாமல் எழுதுங்கள் என்றது பாடத்திட்டம்.
கட்டுரை நான்காயிரம் சொல். மதிப்பெண்ணில் நாற்பது விழுக்காடு.
பத்தொன்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்
என் குரலை நானே கேட்பது இதுதான் முதல் தடவை.
இவ்வளவு வேகமாகவா பேசுகிறேன்?
மாட்டுச்சந்தை ஏலக்காரன் தோற்றான்.

கடீனாவில் அறுவடைக் காலம்.
விடிய விடிய கோதுமை லாரிகள்
வாலரூ துறைமுகத்துக்கு.
ஒவ்வொன்றுக்கும் சமையலறை ஜன்னல் நடுங்கும்;
பதிவை நிறுத்தி, பத்து நொடி பின்னால் ஓட்டுவேன்.
கிளென் எழுந்துவந்து தண்ணீர் குடித்துவிட்டு
“இன்னுமா அந்த எட்டாம் வகுப்பு?” என்று கேட்டுப் போவான்.

பேச்சை எழுதிவிடலாம்.
மௌனத்தைத்தான் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து
அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்.

கேட்கிறேன். (0.9) சரி, அடுத்து யார்?
கேட்கிறேன். (0.7) இமோஜன், நீ சொல்.
கேட்கிறேன். (1.1)
பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன்.

இருபத்தாறு பேர் யோசிக்க நான் கொடுத்த அவகாசம்
ஒரு தும்மலுக்குப் போதாது.

செவ்வாய் இரவு, திரையில் ஏழு சதுரங்கள்.
செடுனா மழலையர் பள்ளித் தலைவியின் மடியில் பூனை.
எடை இயந்திரத்தில் ஏறி இறங்கியவர்கள் மாதிரி
ஆளாளுக்கு எங்கள் நொடியைச் சொன்னோம்.
வையல்லாவில் வெல்டிங் கற்பிக்கும் ராட் பெட்கோவிச்
பதினொன்று என்றார்.
யாரும் நம்பவில்லை.
“அவசரப்பட்டா கண்ணு போயிடும்ல” என்றவர்
மைக்கை அணைத்துவிட்டு எதையோ தின்னத் தொடங்கினார்.

வரி 212.
மைனஸை மைனஸால் பெருக்கினால்
ஏன் பிளஸ் வருகிறது என்கிறேன்.
கடைசி வரிசையில், விசிறிக்குக் கீழே, ஒரு குரல்:
“கட—”
அதன்மேல் என் குரல் ஏறிவிடுகிறது.
விதி அப்படி. எழுதிக்கொள்ளுங்கள்.

இருபது தடவை ஓட்டிப்பார்த்தேன்.
கடலா? கடையா?
கடைசியில் என்று எதையோ தொடங்கினானா?
ஹெட்போனைக் காதோடு அழுத்தினால்
நாக்கு மேலே போய் ஒட்டுகிற மாதிரி ஒன்று.
கடனாக இருக்கலாம்.
ஒருவனுடைய கடனை அவனிடமிருந்து எடுத்துவிட்டால்...

அறவியல் படிவத்தில் அவன் ‘மாணவர் ஏழு.’
ஊருக்கு ஜோரி கிளைனிக்.
அவர்கள் வேலியில் ஈஸ்டரிலிருந்து தொங்குகிறது
நிலத் தரகரின் பலகை.
வெயிலில் அதன் சிவப்பு ரோஸாகிவிட்டது.

மறுநாள் வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன்,
“அன்னிக்கு என்ன சொல்ல வந்தே?”
“எப்போ மிஸ்?”
“மூணு வாரம் முன்னாடி. மைனஸ்.”
என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.
“ஒண்ணுமில்ல மிஸ்”
பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

வியாழனன்று அதே கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு
நின்றேன்.
இரண்டு. மூன்று.
ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.
ஐந்து. வெளியே புல்வெட்டும் இயந்திரத்தை யாரோ அணைத்தார்கள்.
ஏழாவது நொடியில் இமோஜன்:
“மிஸ், உடம்பு சரியில்லையா?”
வகுப்பே சிரித்தது. நானும்.
சிரிப்பு அடங்கியபோது கேள்வி பலகையிலேயே இருந்தது.
ஜோரி பேனா மூடியைக் கடித்தபடி
விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மணி அடித்துவிட்டது.

கட்டுரை திரும்பி வந்தது. அறுபத்தெட்டு.
‘ஒரு மாணவர், ஒரு சொல், அதுவும் பாதி.
இதைக்கொண்டு எதையும் நிறுவ முடியாது.’
உண்மைதான். முடியாது.
ஓரத்தில் இன்னொரு குறிப்பு:
‘பின்னிணைப்பு ஆ, வரி 212.
இடைவெளியைக் குறிக்க மறந்துவிட்டீர்கள்.’

மறுபடி கோப்பைத் திறந்தேன், ஸ்டாப்வாட்சை எடுத்தேன்.
அவன் குரலுக்கும் என் குரலுக்கும் நடுவே
அழுத்தி நிறுத்த ஏதுமில்லை.
(0.0)
சேமித்தேன்.
லாரி ஒன்று வாலரூவுக்குப் போயிற்று.
ஜன்னல் நடுங்கி ஓயும்வரை
விளக்கை அணைக்கவில்லை.